ஆள் நடமாட்டம் இல்லாத கரை

ஆலையடித்துறையில் புஸ்பத்தின் வாய்க்குப் பயப்படாத சீவன் என்று ஏதாவது இருந்தால் அது வாவிக்குள் கிடந்த முதலைகள்தான். மற்றப்படி கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கரிலிருந்து பஸ் கொண்டக்டர் வரைக்கும் அவளைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கித்தான் போவார்கள். அவள் சண்டைக்காரி இல்லை. நியாயம் கேட்கிறவள். நியாயம் கேட்கிற குரலும் சண்டை பிடிக்கிற குரலும் அவளுக்கு ஒன்றாகவே அமைந்துவிட்டன. அதற்கு அவள் என்ன செய்வாள், பாவம்! புருஷன் இளையதம்பி வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, யானை இறங்காமல் காவல் போகிறவர். அவர் வாய் திறந்து இரண்டு சொல் பேசினால் அன்றைக்கு மழை வரும் என்பார்கள். அவர் பேசாமல் விட்டதையெல்லாம் சேர்த்து இவள் பேசினாள்.

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரை. சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. ரவுன், ஆஸ்பத்திரி, பெரிய பள்ளிக்கூடம், குழாய்த்தண்ணீர், ஹோட்டல் எல்லாம் எழுவான்கரையில். வயலும் மாடும் யானையும் உடைந்த ரோட்டும் படுவான்கரையில். ஆலையடித்துறை படுவான்கரையில் என்று இனிமேல் நான் சொல்லத் தேவையில்லை.

புஸ்பத்துக்கு வள்ளம் கிடையாது, வலை கிடையாது. அந்தத் துறையின் பெண்கள் ஒருவருக்குமே கிடையாது. அவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் கழுத்துவரை மூழ்கக் குந்திக்கொண்டு இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிக்கிறவர்கள். பிடித்ததை இடுப்பில் கட்டிய பறிக்கூடைக்குள் போட்டுக்கொண்டு, ஒருத்திக்குப் பக்கத்தில் ஒருத்தியாக வரிசை பிடித்து நகருவார்கள். ஆழப்பக்கத்துத் தலைப்பில் எப்போதும் புஸ்பம்தான். கரையில் நின்று பார்த்தால் தலைகள் மட்டும் தெரியும். கொஞ்சம் தள்ளிப் போய்ப் பார்த்தால் அதுவும் தெரியாது. நாலைந்து தேங்காய் மிதக்கிறது என்றுதான் நினைப்பீர்கள்.

முதலைக்குப் பயமில்லையா என்று கேட்டால் சிரிப்பார்கள். வைகாசியில் கண்ணகையம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு நடக்கும்போது, கோயில் பூசாரி கட்டாடியார் கரையில் நின்று மந்திரம் சொல்லி அந்தத் துறை முதலைகளுக்கு வாய் கட்டுவார். கட்டின முதலை அந்த வருசம் ஆளைத் தொடாது. அது பாட்டுக்குக் கரையோரக் கண்ணா மரப் பற்றைக்குள் படுத்திருக்கும், இவர்கள் பாட்டுக்கு இறால் தடவுவார்கள். நம்புகிறவர் நம்பலாம், நம்பாதவர் போகலாம். புஸ்பத்துக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தத் துறையில் முதலை ஒருத்தியையும் தொட்டதில்லை.

அந்தத் தொழிலில்தான் அவள் தங்கச்சி கேதீஸ்வரியை வளர்த்தாள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்காலத்தில் தகப்பன் போனார். தாய் அதற்குப் பிறகு அதிக காலம் இருக்கவில்லை. கைக்குழந்தையாக இருந்த தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு நின்றபோது புஸ்பத்துக்கே தாவணி வயசு. தாய் வீடு மூத்தவளுக்கு, இளையவளுக்கு வேறு வீடு. அதுதான் அந்தப் பக்கத்து வழக்கம். வீடு இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை வரமாட்டான். வந்த மாப்பிள்ளையும் சும்மா வரவில்லை, எழுவான்கரைக் கல்லடியில் வீடு வேண்டும் என்று வந்தான். புஸ்பம் கட்டிக் கொடுத்தாள். கல்லடியில், வாவியைப் பார்த்த பின்வாசலோடு, ஓடு போட்ட வீடு. "இது இறால் கட்டின வீடு" என்று அதைக் காட்டி எல்லோருக்கும் சொல்லுவாள். கேதீஸ்வரிக்கு அந்தப் பேச்சுப் பிடிக்காது. பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழும் என்பாள்.

அந்தப் பின்வாசலுக்குத்தான் முதலை வந்தது.

பெரிய முதலை. பின்வளவில் ஏறி வெயில் காயும், யாராவது கல்லெறிந்தால் சோம்பலாகத் தண்ணீருக்குள் இறங்கும். இரண்டு நாயைத் தின்றது. கேதீஸ்வரியின் பெண்பிள்ளைகள் இரண்டும் விளையாடுகிற இடம் அது. செய்தி கேட்ட அன்றே புஸ்பம் பஸ் ஏறிவிட்டாள். முதலை பிடிக்கிற அதிகாரிகள் வந்து, கரையைப் பார்த்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, கல்லடிச் சனமெல்லாம் மரியாதையாக "சேர், சேர்" என்று இழுத்துக்கொண்டிருக்க, இவள்தான் முன்னால் போய் நின்றாள்.

"என்னத்தப் பாக்குறீங்க? புள்ளைய இழுத்த பிறகு வந்து படம் புடிக்கப் போறீங்களா? தூக்கிட்டுப் போங்க இதை! எங்கயாவது கொண்டுபோய் உடுங்க! நாளைக்கும் இது இஞ்ச கிடந்தா நான் உங்கட ஒபிசில வந்து குந்துவன், எழும்பவே மாட்டன்!"

அதிகாரிகளில் தலைவன் உதயரூபன் என்ற இளைஞன். களுதாவளைக்காரன். முகத்தைப் பார்த்தால் நல்ல பிள்ளை என்றுதான் தோன்றும். அவன் புஸ்பத்துக்குப் பயந்தானோ, இல்லை தானாகவே தீர்மானித்தானோ, அந்தக் கிழமைக்குள் கூண்டு வைத்து, கயிறு போட்டு, வாயைக் கட்டி, முதலையை லொறியில் ஏற்றிக்கொண்டு போனான். கல்லடிச் சனம் கைதட்டியது. புஸ்பம் லொறி போன பக்கமாகக் கையெடுத்துக் கும்பிட்டாள். எங்கே கொண்டு போகிறீர்கள் என்று அவளும் கேட்கவில்லை, அங்கே நின்ற ஒருவருமே கேட்கவில்லை. தன் வாசலை விட்டுப் போனால் சரி, அவ்வளவுதான் மனுசருக்கு.

முதலை போன சந்தோசத்தில் கல்லடிக் கரையில் பிள்ளையாருக்குப் பொங்கல் வைத்தார்கள். கேதீஸ்வரி போன் எடுத்து, "அக்கா, நீங்கதான் வந்து முதல் அரிசி போடவேணும்" என்றாள். புஸ்பத்துக்குத் தலைகால் தெரியாத சந்தோசப் புளுகம். இருந்த ஒரே நல்ல சாரியைக் கட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு ஆலையடித்துறையில் பெண்கள் வழமைபோல இறங்கினார்கள். ஆழப்பக்கத்துத் தலைப்பில், புஸ்பம் நிற்கிற இடத்தில், அவளுடைய கூட்டாளி கண்ணகை நின்றாள்.

பற்றையோரத்தில் ஒரு முதலை கிடந்ததை அவர்கள் கண்டார்கள். கண்டும்தான் இறங்கினார்கள். நம்முடைய முதலை, வைகாசியில் வாய் கட்டின முதலை என்று நினைத்துவிட்டார்கள். பிறகு அது தண்ணீருக்குள் இறங்கியதையும் ஒருத்தி கண்டாள். கண்டவள், "வெயில் கூடிப்போச்சு, அதுக்கும் குளிக்க வேணுமே" என்று பகிடி சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும் முன் கண்ணகை கத்தினாள்.

பெண்கள் ஓடவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். பறியாலும் கையாலும் தண்ணீரில் அடித்து, கூக்குரல் வைத்து, கண்ணகையின் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். ஆளை மீட்டார்கள். வலது கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது.

புஸ்பம் பொங்கல் சோறு கையோடு இருக்கும்போது செய்தி வந்தது. அப்படியே எழும்பி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். கட்டுப் போட்டுக் கிடந்த கண்ணகை இவளைக் கண்டதும் முதலில் சொன்னது இதுதான்:

"அது நம்மட முதலை எண்டு நினைச்சன்கா. நம்மடது இல்ல. இதுக்கு வாலுல நுனி இல்ல."

கல்லடியில் பிடித்த முதலைக்கும் வால் நுனி இல்லை. புஸ்பம் அதைக் கண்ணால் கண்டிருக்கிறாள். மாமாங்கப் பிள்ளையாரே! கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு உதயரூபனின் ஒபிசுக்குப் போனாள்.

"எங்க உட்டீங்க அதை?"

"எதை அக்கா?"

"கல்லடி முதலைய எங்க உட்டீங்க எண்டு கேக்கிறன்!"

அவன் ஒளிக்கவில்லை. அதுவும் ஒரு வயிற்றெரிச்சல். ஒளித்திருந்தால் கள்ளன் என்று ஏசிவிட்டு வந்திருக்கலாம். படுவான்கரையில் ஆலையடிப் பக்கம் விட்டோம் என்றான். தண்ணீர் நல்லது, கண்ணாப் பற்றை இருக்கிறது, மீன் இருக்கிறது, முதலைக்கு ஏற்ற இடம் என்றான். "ஆள் நடமாட்டம் இல்லாத இடம் எண்டு பார்த்துத்தான் உட்டம் அக்கா. ரெண்டு தரம் போய்ப் பார்த்தம். வள்ளம் இல்ல, வலை இல்ல, தோணித்துறை இல்ல. அங்க மீன்பிடிக்கிற ஆக்கள் ஆருமில்ல."

"நாங்க?" என்றாள் புஸ்பம்.

"நீங்க எங்க நிண்டீங்க?"

"தண்ணிக்குள்ளடா! தண்ணிக்குள்ள!"

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையில் தட்டச்சு நின்றது. தகப்பன் போன நாளிலிருந்து அந்தத் தண்ணீருக்குள் கிடந்திருக்கிறாள். கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். ஒரு பிள்ளையை வளர்த்து, ஒரு வீட்டைக் கட்டி, கழுத்துவரை மூழ்கிக் கிடந்திருக்கிறாள். படித்த நாலு பேர் வந்து பார்த்துவிட்டு ஆருமில்லை என்று போயிருக்கிறார்கள்! உதயரூபன் தலையைக் குனிந்துகொண்டான். வருத்தப்பட்டான், உண்மையாகவே வருத்தப்பட்டான். அவன் வருத்தத்தை வைத்துக் கண்ணகைக்குக் கை முளைக்குமா?

முதலையை என்ன செய்வது என்று அதிகாரிகள் கூட்டம் வைத்தார்கள். ரவுனில், காற்றாடி சுற்றுகிற மண்டபத்தில். எல்லாக் கரையிலிருந்தும் சனம் வந்தது. கல்லடிக்காரர் ஒரு பக்கம், படுவான்கரைக்காரர் ஒரு பக்கம். நடுவில் காத்தான்குடி அசனார். புஸ்பம் ஆக்களிடம் இறால் வாங்குகிறவர் அவர். தராசைக் கொஞ்சம் தன் பக்கம் சாய்ப்பாரே தவிர மனசு நல்ல மனுசன். தொழில் நின்றதிலிருந்து அவருக்கும் சரக்கில்லை.

பின்னால் இருந்த ஒருவர் எழும்பி, "சுட்டுத் தள்ளுங்க, சோலி முடிஞ்சுது" என்றார். பாதி மண்டபம் கைதட்டியது.

உதயரூபன் கையை உயர்த்தினான். "சுட ஏலா. அழிஞ்சுகொண்டு வாற சாதி அது. ஒரு காலத்தில இந்த வாவி நிறைய இருந்தது, இப்ப இருக்கிறது கொஞ்சம். இதுகளையும் சுட்டா, நாளைக்கு முதலை எண்டு படத்திலதான் காட்டவேணும். மனுசன் வீடு கட்டிக்கொண்டு போய் அதுகள்ர கரையை எடுத்திட்டான். அது எங்க போறது?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது, இல்லையென்று புஸ்பம்கூடச் சொல்லமாட்டாள். அவளும் முதலையைக் கொல்லச் சொல்லவில்லை. தன் துறை முதலைகளோடு அவளுக்கு ஒரு பகையும் கிடையாது. மேற்கே பெரிய குளத்துக்குக் கொண்டுபோகலாம் என்று ஒருவர் சொன்னார். குளத்துக்காரர் நாலு பேர் உடனே எழும்பி, மாடு தண்ணீர் குடிக்கிற இடத்தில் விட்டால் லொறியைக் கொளுத்துவோம் என்றார்கள். வடக்கே கொண்டுபோகலாம் என்றார் இன்னொருவர். "கொண்டு போங்க, ஆனா காத்தான்குடிக் கரையில மட்டும் உட்டிராதீங்க" என்று அசனார் முந்திக்கொண்டார். "என்ன செய்யிற, எல்லாருக்கும் புள்ள குட்டி இரிக்கே." தனக்கு வந்தால்தான் தெரியும் தலைவலியும் காய்ச்சலும். அன்றைக்கு அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் முன்கூட்டியே தலை வலித்தது.

அப்போது புஸ்பம் எழும்பினாள்.

"நான் சொல்லுறன் எங்க உடுறது எண்டு. எடுத்த இடத்திலயே கொண்டுபோய் உடுங்க."

கல்லடிப் பக்கம் இரைந்தது.

"இரைஞ்சு என்ன? உங்கள்ல ஆருக்குச் சோத்துக்காக வாவிக்குள்ள இறங்கவேணும்? உங்களுக்குக் குழாய்த்தண்ணி வருது. நீங்க பின்வளவில மதில் கட்டலாம், கம்பி வேலி அடிக்கலாம். நாங்க வாவிக்கு வேலி அடிக்க ஏலுமா? அது உங்கட இடத்தில பிறந்த முதலை. எங்கட கட்டாடியார்ர கட்டுக்குள்ளயும் அது இல்ல. கொண்டு போங்க!"

கல்லடிப் பெண்களுக்கு நடுவே கேதீஸ்வரி இருந்தாள். அவள் எழும்பியபோது அக்காவுக்காகப் பேசப் போகிறாள் என்றுதான் புஸ்பம் நினைத்தாள். அட மடைச்சி!

"சேர், முதல்ல அதைத் தூக்கிட்டுப் போகச் சொல்லிக் கத்தினது ஆரெண்டு கேளுங்க. இந்த அக்காதான். எங்கயாவது கொண்டுபோய் உடுங்க எண்டு சொன்னதும் இந்த அக்காதான். இப்ப வந்து என்ட புள்ளைகள்ர தலையில உடச் சொல்லுறா."

என்ட அக்கா என்று சொல்லவில்லை. இந்த அக்கா என்றாள். அதுதான் புஸ்பத்தைச் சுட்டது. மற்றது உண்மை, உண்மைக்கு அவள் பயந்தவள் இல்லை.

"ஓம், நான்தான் கத்தினன்," என்றாள். குரல் வழமையைவிடத் தணிந்திருந்தது. "உன்ட புள்ளைகளுக்காகக் கத்தினன். கண்ணகைட கைக்கு நானும் பொறுப்பு, சாகுமட்டும் பொறுப்பு. ஆனா நீ மதில் கட்டினா உன்ட புள்ளைகள் தப்பிடும். நான் எதைக் கட்டிட்டுத் தப்ப? சொல்லு பாப்பம்!"

கேதீஸ்வரி மறுபடி கதிரையில் இருந்துவிட்டாள். பக்கத்தில் இருந்த பெண் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். அக்காவிடமிருந்து தங்கச்சியைக் காப்பாற்றி ஆறுதல் சொல்கிறார்களாம், என்ன கூத்தடா இது!

கூட்டத்தின் முடிவை மேசையில் இருந்த பெரியவர்கள் தங்களுக்குள் குசுகுசுத்துவிட்டு அறிவித்தார்கள். ஒரு தடவை பிடித்த முதலையை மறுபடி பிடித்து அலைக்கழிப்பது அதன் உயிருக்கு ஆபத்து. ஆகையால் முதலை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஆலையடித்துறைக் கரை முதலைகளுக்கென்று ஒதுக்கப்படும். அங்கே தண்ணீரில் இறங்குகிற பெண்களுக்கு மாற்றுத் தொழில் கொடுக்கப்படும்.

மாற்றுத் தொழில் என்னவென்றால், கோழிக்குஞ்சு.

பதாகை கட்டி, படம் பிடித்து, ஆளுக்கொரு அட்டைப்பெட்டியில் குஞ்சு கொடுத்தார்கள். அதே லொறியில் வந்த பலகையைத் துறையில் நட்டார்கள்: முதலைகள் வாழும் பகுதி, நீரில் இறங்குதல் தடை. மூன்று பாஷையில். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த கண்ணகைக்கும் ஒரு பெட்டி கிடைத்தது. ஒரு கையால் தூக்க முடியாமல் அதைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். அதையும் படம் பிடித்தார்கள். அன்றைக்குப் பார்த்து இளையதம்பி வாய் திறந்து, "குஞ்சு நல்ல சாதி" என்றார். புஸ்பம் திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் மனுசன் வட்டைக்குப் போய்விட்டு இரண்டு நாள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

குஞ்சுகளில் பாதியைக் கீரி பிடித்தது, மீதி சீக்கில் செத்தது. பெண்கள் கரையில் குந்தித் தண்ணீரைப் பார்த்தார்கள். இறால் பருவம் கண்முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஒருத்தி, எது வந்தாலும் சரி இறங்குவோம் என்று பாவாடையை ஏற்றிக் கட்டினாள். கண்ணகை அவள் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினாள். ஒருத்தர் முகத்தையும் பார்க்க முடியாமல் புஸ்பம் அடுப்படிக்குள் கிடந்தாள். கடைசியில் ஒருநாள் வெளியே வந்து சொன்னாள்:

"நாளைக்கு விடிய முதல் பஸ். பறிய எடுத்திட்டு எல்லாரும் வாங்க."

"எங்க கா?"

"முதலை இல்லாத இடத்துக்கு."

மண்முனைப் பாலத்தைத் தாண்டி பஸ் எழுவான்கரைக்குள் நுழைந்தது. கல்லடியில் இறங்கி, கேதீஸ்வரி வீட்டு ஒழுங்கைப் பாதையால் போய், பின்வளவு தாண்டி, ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தியாக வாவிக்குள் இறங்கினார்கள். வரிசை பிடித்தார்கள். ஆழப்பக்கத்தில் புஸ்பம். அவளுக்குப் பக்கத்தில் கண்ணகை, இடது கையால் தடவினாள். வேண்டாம் என்று புஸ்பம் சொல்லிப் பார்த்தாள், அவள் கேட்கவில்லை. கல்லடிச் சேற்றில் இறால் அவ்வளவு மோசமில்லை.

சூரியன் ஏற ஏற மதில்களுக்கு மேலால் தலைகள் முளைத்தன. போன்கள் நீண்டன. பக்கத்து ஹோட்டலிலிருந்து சப்பாத்துப் போட்ட ஒருவர் ஓடி வந்தார்.

"இஞ்ச இறங்க ஏலா! வெளிநாட்டு ஆக்கள் தங்கியிருக்கிற இடம்!"

"ஏன், பலகை போட்டிருக்கா?" என்றாள் புஸ்பம்.

"பலகை இல்ல, ஆனா..."

"முதலை இரிக்கா?"

"முதலை இல்ல..."

"அப்ப உங்களுக்கு என்ன இடைஞ்சல்? போய் வேலையப் பாருங்க தம்பி."

யாரோ அறிவித்து உதயரூபனும் வந்துவிட்டான். கரையில் நின்று, அந்தத் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "அக்கா, இது என்ன வேலை?"

"முதலை எங்கட இடத்துக்கு வந்திட்டு. நாங்க முதலைட இடத்துக்கு வந்திட்டம். இதில என்ன பிழை? பிடிக்கிறதெண்டா கூண்டைக் கொண்டு வாங்க. கயிறு போட்டு, வாயைக் கட்டி, லொறியில ஏத்துங்க. மற்றவள்கள்ர வாயை விடுங்க, என்ட வாயைக் கட்டுறதுக்கு நல்ல கயிறாக் கொண்டு வாங்க!"

பெண்கள் சிரித்தார்கள். மதிலுக்கு மேலேயும் யாரோ சிரித்தார்கள். உதயரூபன் சிரிக்கவில்லை. போனை எடுத்து யாரிடமோ, "இல்ல சேர், நீங்க ஒருக்கா நேர வந்து பாக்கவேணும்" என்று சொல்லிக்கொண்டு ஒழுங்கைப் பக்கம் போனான்.

அப்போதுதான் பின்கதவு திறந்தது. கேதீஸ்வரி தண்ணீர் விளிம்புவரை வந்தாள். அழுதிருந்தாள். அவமானத்திலா, கோபத்திலா, அது அவளுக்குத்தான் தெரியும்.

"அக்கா, ஊர்ச்சனமெல்லாம் பாக்குது. என்ட மானம் போகுது. உங்களைக் கும்புட்டுக் கேக்கிறன், எழும்பிப் போங்க."

புஸ்பம் எழும்பி நின்றாள். சேற்றுத்தண்ணீர் அவள் மேலிருந்து வழிந்தது. தான் கட்டின வீட்டை ஒரு தரம் பார்த்தாள், அதன் வாசலில் நிற்கிறவளைப் பார்த்தாள்.

"பாக்கட்டும் புள்ள. இத்தனை வருசமா அங்க கிடந்தம், ஒருத்தரும் பாக்கல்ல. பாக்காததாலதான் இவள்ர கை போனது. நல்லாப் பாக்கட்டும்."

"அப்ப நான் என்ன செய்யிற?"

"நீயும் நிண்டு பாரு" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி குந்தி, இரண்டு கையையும் சேற்றுக்குள் விட்டாள். கேதீஸ்வரி உள்ளே போகவில்லை.